படபடப்பு நின்ற பிறகும் அந்த மாத்திரை எதற்கு?

உங்கள் அம்மாவுக்கு வயது 71. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுத்த இ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று தெரிந்து, இதய மருத்துவர் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாகத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபானும் சாப்பிடுகிறார். படிக்கட்டு ஏறினால் வந்துகொண்டிருந்த படபடப்பு அடங்கிவிட்டது. ஆனால் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார். 'நன்றாகத்தானே இருக்கிறேன், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறேன், வேண்டுமானால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்' என்கிறார். நிறுத்தலாமா, இந்த நோய் முழுதாகக் குணமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. இரண்டு மாத்திரைகளில் அம்மாவின் பேச்சையும் கை கால்களையும் காத்துக்கொண்டிருப்பது அவர் நிறுத்த நினைக்கும் அந்த மாத்திரைதான். படபடப்பை அடக்கியது இன்னொன்று. இந்த வேறுபாடு புரியாமல் போனதால் பக்கவாதத்தில் விழுந்த பலரை என் மருத்துவ வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறு திசுத்திரள் இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அதிலிருந்து மின்துடிப்பு கிளம்பும். மேலறைகள் இரண்டும் ஒருமித்துச் சுருங்கி ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்த ஒரே கட்டளை மறைந்துபோகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் தாறுமாறாக ஓடுகின்றன. மேலறை சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்குகிறது. காற்றடிக்கும்போது குளத்து நீர்மேல் சிற்றலை ஓடுமே, அப்படி ஒரு சிலிர்ப்பு மட்டும்தான் மிச்சம்.

அத்தனை துடிப்பும் கீழறைக்கு இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. நடுவில் ஏ.வி. கணு என்ற மதகு இருக்கிறது. அது சிலவற்றை விட்டு, பலவற்றைத் தடுத்துவிடும். ஆனால் எதை விடும், எதைத் தடுக்கும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. அதனால்தான் நாடி ஒருமுறை நெருங்கியும் ஒருமுறை விலகியும், ஒருமுறை வலுவாகவும் ஒருமுறை மெலிதாகவும் வருகிறது. சிகிச்சை இல்லாதபோது நிமிடத்துக்கு 120, 140 என்று ஓடும். அதுதான் அம்மா உணர்ந்த படபடப்பு.

மெட்டோப்ரோலால் என்ன செய்கிறது? மதகை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். கீழறைக்குப் போகும் துடிப்பு குறைகிறது, 140 என்பது 80 ஆகிறது, நெஞ்சு அமைதியாகிறது. குளத்தில் சிலிர்ப்பு அப்படியே இருக்கிறது. அம்மா 'சரியாகிவிட்டது' என்று உணர்வது உண்மை. ஆனால் மேலறை இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கலாம் என்பதும் உண்மை.

அந்த நடுக்கத்தால் என்ன கெடுதல்? இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை தொங்குகிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது அதற்குள் இருக்கும் ரத்தமும் பிழிந்து வெளியேறிவிடும். நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்குகிறது. ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை, குளத்தின் மூலையில்தான் பிடிக்கும். தேங்கிய ரத்தம் அந்தப் பைக்குள் உறைந்து கட்டியாகிறது. என்றாவது ஒரு நாள் அது கழன்று, கீழறை வழியாகப் பெருந்தமனிக்கு வந்து, கழுத்து ரத்தக்குழாயில் ஏறி, மூளையின் ஒரு கிளையை அடைத்துவிடும். இந்தக் கட்டிகள் பெரியவை என்பதால் அடைபடும் குழாயும் பெரியது, சேதமும் பெரியது. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஆய்விலிருந்து தெரியவந்தது.

எல்லாருக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. அதற்காக மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்புக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய்க்கு 1, 65 வயதைத் தொட்டால் 1, 75 ஐத் தொட்டால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்காக ஒரு மதிப்பெண் கூட்டுவது முன்பு வழக்கம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டது. இரண்டும் அதற்கு மேலும் வந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவை. அம்மாவுக்கு வயதுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ஆக மூன்று. மருந்தில்லாமல் விட்டால் இப்படிப்பட்ட நூறு பேரில் ஆண்டுக்குச் சுமார் மூன்று பேருக்குப் பக்கவாதம் வரும். இது ஓர் ஆண்டின் கணக்கு. அம்மா இன்னும் பதினைந்து ஆண்டு வாழ வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படியானால் பதினைந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். வயது ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். முறையாக மருந்து சாப்பிட்டால் இந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது.

கணக்கில் படபடப்புக்கு மதிப்பெண் இல்லை என்பதைக் கவனியுங்கள். படபடப்பே தெரியாதவருக்கும் அதே ஆபத்துதான். ஒழுங்கற்ற துடிப்பு வந்து வந்து போகிறவருக்கும் நிரந்தரமாக இருப்பவருக்கும் ஒரே கணக்குதான். என்னிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'நாலு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை' என்று தாமாகவே மாத்திரையை விட்டுவிட்டார். ஆறாவது வாரம் காலையில் காப்பி டம்ளரை எடுக்கக் கை வரவில்லை. நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர் அதன் பிறகு மனைவியின் பெயரைச் சொல்லவே திணறினார். அவர் படித்தவர், கவனமானவர். இரண்டு மாத்திரையும் படபடப்புக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதை யாரும் அவரிடம் பிரித்துச் சொல்லவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு. அன்றிலிருந்து மருந்துச் சீட்டில் அந்த மாத்திரைக்கு நேராக 'பக்கவாதம் வராமல் இருக்க' என்று தமிழில் எழுதிவிடுகிறேன்.

இனி ஆஸ்பிரின். மாரடைப்பு வந்தவருக்கு அது நல்ல மருந்து. ஆனால் தேங்கிய ரத்தம் உறைவதற்கும், கொழுப்பு படிந்த குழாய்க்குள் தட்டணுக்கள் ஒட்டுவதற்கும் வழிமுறை வேறு. இந்த நோயில் ஆஸ்பிரின் தரும் காப்பு சொற்பம். 2011 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரினைச் சாப்பிட முடியாத 5,599 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு அபிக்சபானும் கொடுத்துப் பார்த்தது. ஆஸ்பிரின் பக்கத்தில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ உறைகட்டி அடைப்போ வந்தது. அபிக்சபான் பக்கத்தில் 1.6 சதவீதம். பெரிய ரத்தப்போக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, 1.2, 1.4. ஆக, 'ஆஸ்பிரின் சாது, இது முரடு' என்பது வெறும் நம்பிக்கை. ஆஸ்பிரினுக்கு மாறினால் ரத்தப்போக்கு பயம் அப்படியே இருக்கும், காப்பு மட்டும் போய்விடும்.

ஈறில் கசியும் ரத்தத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பெரும்பாலும் அங்கே ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கும், மாத்திரை அதைக் காட்டிக்கொடுக்கிறது. மென்மையான பிரஷுக்கு மாறச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஈறு நோய் அதிகம், அதைச் சரிசெய்வது எப்படியும் நல்லது. தோலில் சிறு நீலத் தழும்பு, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும் மூக்கு ரத்தம், இவற்றுக்கெல்லாம் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனால், சிறுநீர் சிவந்தால், ரத்த வாந்தி எடுத்தால், தலையில் அடிபட்டால், இதுவரை இல்லாத கடுந்தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள். அபிக்சபானோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் மூளைக் கசிவுக்கான வாய்ப்பும் குறையும். பயப்பட வேண்டிய இடங்கள் இவைதான்.

'வயதானவர், தடுக்கி விழுந்தால் என்ன ஆவது' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 1999 இல் கனடா மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்கிட்டே பார்த்தார்கள். வார்ஃபரினின் நன்மையை விழுவதன் தீமை மிஞ்ச வேண்டுமானால் ஒருவர் ஆண்டில் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று வந்தது. அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளில் மூளைக் கசிவு வார்ஃபரினைவிடப் பாதியும் அதற்குக் குறைவும்தான். குளியலறையில் வழுக்காத விரிப்பு போடுங்கள், இரவு விளக்கு வையுங்கள். விழுந்துவிடுவார் என்று மாத்திரையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அளவைப் பற்றி ஒரு சொல். அபிக்சபானின் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 ஆகக் குறைக்க வேண்டும். 'வயதானவர் பாவம்' என்று இரக்கப்பட்டு அளவைக் குறைப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. தேவையில்லாமல் அளவைக் குறைத்தால் காப்பும் குறையலாம். அம்மாவின் சீட்டில் எந்த அளவு என்று பாருங்கள். 2.5 என்றிருந்தால் காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பரிசோதனை வேண்டும். இந்த மருந்தின் வீரியம் அரை நாளில் இறங்கிவிடும் என்பதால் ஒருவேளை தவறினாலும் காப்பு விலகத் தொடங்குகிறது. மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. முன்பு இந்த மருந்துகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாமல் இருந்தது. இப்போது பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. விலையால் நிறுத்த நினைத்தால் அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

நின்றுபோன கண்புரை அறுவையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது அடுத்து வரும். சொட்டு மருந்து விட்டு மரக்கச் செய்யும் கண்புரை அறுவைக்குப் பெரும்பாலும் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை. கண் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். வீட்டில் யாரும் 'ஆபரேஷனாயிற்றே' என்று தாமாக ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டாம்.

இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் எடுத்திருக்க வேண்டும். நம் நாட்டில் இந்த நோய்க்கு மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட ஒரு காரணம் இன்னும் இருக்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வந்து, மூட்டு வீங்கிக் காய்ச்சலாக மாறி, இதய வால்வைக் கடித்துவிட்டுப் போகும் ருமாட்டிக் காய்ச்சல். பத்து வயதில் வந்தது நாற்பதில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் சுருக்கமாக வெளிப்படும். வால்வு சுருங்கினால் இடது மேலறை உப்பும், உப்பிய மேலறை நடுங்கத் தொடங்கும். அதில் உறைகட்டி உண்டாகும் ஆபத்து மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். அவர்களுக்கு மதிப்பெண் கணக்கே தேவையில்லை. புதிய மருந்துகளும் அவர்களுக்கு உதவவில்லை. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ருமாட்டிக் இதய நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022 இல் வந்தது. புதிய மருந்தான ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையைச் சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. ஏழைகளின் நோய் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு இவ்வளவு பெரிய ஆய்வு நடந்ததே எனக்கு நிறைவு.

அந்தப் பழைய மருந்தின் கதையும் சொல்ல வேண்டியது. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன இனிப்பு க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் வைக்கோலிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்றது. 1954 இல் மனிதருக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. 'எலி மருந்தைத் தருகிறார்கள்' என்று பயமுறுத்துபவர்கள் சொல்வது பாதி உண்மை. அளவுதான் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கிறது. அதனால்தான் வார்ஃபரினோ அதே வகையான அசெனோகூமராலோ சாப்பிடுபவர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்து 2 முதல் 3 வரை வைத்திருக்க வேண்டும். கீரையை அடியோடு விடத் தேவையில்லை. வாரத்தில் எவ்வளவு முருங்கைக்கீரை சாப்பிடுகிறாரோ அதே அளவை எப்போதும் வைத்துக்கொண்டால் மருந்தளவை அதற்கேற்ப அமைத்துவிடலாம். ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் குழப்பம். அம்மா சாப்பிடும் அபிக்சபானுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

காரணங்களில் இன்னும் இரண்டைத் தேட வேண்டும். ஒன்று தைராய்டு. அது அளவுக்கு மேல் சுரந்தால் இப்படி ஆகும், அதைச் சரிசெய்தால் இயல்பான துடிப்பும் பலருக்குத் திரும்பிவிடும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்குவது குறைதான். இன்னொன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களின் மேலறை இரவெல்லாம் இழுபடுகிறது. அம்மா குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றால் சொல்லுங்கள். உடல் பருமனாக இருந்தால் எடை குறைப்பு வெறும் உபதேசம் அல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் நடந்து 2015 இல் வெளிவந்த ஆய்வில், எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துத் தக்கவைத்தவர்கள் இந்தத் துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. மது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரே இரவின் மிதமிஞ்சிய குடிகூட இதைக் கிளப்பிவிடும்.

குணமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மதகை இறக்கி ஓய்வில் துடிப்பை 110 க்குக் கீழே வைத்துக்கொண்டு, பக்கவாத மருந்தோடு நிம்மதியாக வாழ்வது ஒரு வழி. குளத்தையே அமைதிப்படுத்தி இயல்பான துடிப்புக்குத் திருப்புவது இன்னொரு வழி. 2002 இல் வந்த ஆய்வு இரண்டுக்கும் உயிர் காப்பதில் வேறுபாடு இல்லை என்றது. மருத்துவர்கள் பலர் முதல் வழியிலேயே நின்றுவிட்டார்கள். 2020 இல் ஐரோப்பாவில் முடிந்த ஆய்வு, நோய் தெரிந்த ஓராண்டுக்குள் இரண்டாவது வழியைத் தொடங்கியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்களும் அதனால் வரும் இறப்பும் குறைவு என்று காட்டியது. அம்மாவுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. 'இயல்பான துடிப்புக்குத் திருப்ப முயலலாமா' என்று இப்போதே கேளுங்கள். எனக்கு இதில் தயக்கமே இல்லை, கேட்க வேண்டிய காலம் இதுதான்.

திருப்புவதற்கு மயக்கம் கொடுத்து மின்னதிர்ச்சி தருவது உண்டு. அதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் இடைவிடாமல் பக்கவாத மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும், அல்லது உணவுக்குழாய் வழி எக்கோவில் உறைகட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒருவேளை தவறினாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இயல்பான துடிப்பைத் தக்கவைக்கும் மாத்திரைகளில் அமியோடரோன் வலிமையானது, ஆனால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் கண்காணிக்க வேண்டும். அடுத்தது அப்லேஷன். 1998 இல் பிரான்ஸின் போர்தோவில் மிஷேல் ஐசகேர் குழுவினர், தாறுமாறான துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது மேலறையில் சேரும் இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று கண்டுபிடித்தார்கள். தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி அந்த வாய்களைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ தழும்பு வேலி போடுவதுதான் அப்லேஷன். சிறப்பாக வேலை செய்கிறது, ஆனால் சிலருக்கு நோய் திரும்பி வருகிறது, இரண்டாம் முறை தேவைப்படுகிறது. அது நன்றாகவே முடிந்தாலும் அம்மாவின் மதிப்பெண் மூன்று மாறாது. ஆகவே பக்கவாத மாத்திரை தொடரும். மாத்திரையிலிருந்து தப்பிக்க அப்லேஷன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்று. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், சோடா கொடுத்து, சுக்கு அரைத்துப் பூசி நேரம் கடத்தாதீர்கள். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அபிக்சபான் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். ஊசி போட முடியாவிட்டாலும் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் புள்ளிவிவரமாகச் சொன்னால் கேட்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் அவருடைய மூன்று விரல்களையே வைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் எண்ணட்டும். வேகம் 75, 80 என்றுதான் இருக்கும், நெஞ்சில் ஒன்றும் தெரியாது. ஆனால் மேலறை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தால், இரண்டு துடிப்பு நெருங்கி வந்து, ஒன்று விலகி, ஒன்று தொலைந்து, மறுபடி மூன்று நெருங்கி வருவதை அவர் விரலே உணரும். அப்போது இரவு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுங்கள்.